மீன் தொட்டிக்கும் ஒரு விசிறி வேண்டும்

மனிதருக்கே விசிறி இல்லாத வீட்டில் மீனுக்கு விசிறியா என்று கேட்பவர்கள் எம் மத்தியில் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் மாட்டை நம்பிப் பிழைத்த காலத்தில் எம் வீட்டுக் கூரை ஒழுகினாலும் மாட்டுக் கொட்டிலை வேய்ந்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்தோம். இன்று அலங்கார மீன் வளர்த்து அதன் வருமானத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு அந்தத் தொட்டிதான் மாட்டுக் கொட்டில். வெயில் மாதங்களில் அதைக் குளிராக வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல. அது தொழிலின் ஒரு பகுதி. இதைத் தொட்டி வைத்திருப்போரும், தொட்டி கொடுப்போரும் உணர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொந்தக் காணியை விட்டு வந்த விவசாயிக்கு இருக்கும் தெரிவுகள் குறைவு. பிறர் காணியில் கிணறு வெட்ட முடியாது. பலன் தர ஐந்தாறு வருடம் எடுக்கும் மரத்தை நடவும் மனம் வராது. கண்ணாடித் தொட்டிக்கு அந்தத் தடைகள் இல்லை. அதற்குக் காணி உறுதி தேவையில்லை. மீண்டும் இடம் மாற நேர்ந்தால் தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கையோடு எடுத்துச் செல்லலாம். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் குப்பி மீனுக்கு முக்கிய இடம் உண்டு. அது வீட்டுத் தொட்டியிலேயே குட்டி போட்டுப் பெருகும் மீன். ஆகவே வாழ்வாதார உதவி என்று வரும்போது கோழிக்கும் ஆட்டுக்கும் அடுத்ததாக மீன் தொட்டி பேசப்படுவதில் வியப்பில்லை.

ஆனால் காணி இல்லாதவர் வீட்டிலேதான் தொட்டி அதிகம் சூடாகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய வளவில் மாவும் வேம்பும் கூரைக்கு மேலே குடை பிடித்தன. தற்காலிக வீட்டில் தலைக்கு மேலே தகரம், சுற்றிலும் வெட்டை. ஏப்ரல் மாதம் முதல் இரு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாகச் செல்கிறது. ஆகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் மீண்டும் அவ்வாறே வருகிறது. அந்த நாட்களில் தகரத்தின் கீழ் வைத்த தொட்டி நீர் எளிதில் 32, 33 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். காலையில் நீந்திய மீன் பின்னேரம் மிதக்கும். கண்ணூறு பட்டது என்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் நஞ்சு என்பார்கள். மீன் போய்விடும், கடன் மட்டும் மிஞ்சும்.

வெப்பம் மீனை எவ்வாறு தாக்குகிறது?

மீன் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைச் சுவாசிக்கிறது. நீர் சூடாகச் சூடாக அதிற் கரையக்கூடிய ஒட்சிசனின் அளவு குறையும். 25 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது 7.6 ஆகவும், 35 பாகையில் 7 ஆகவும் இறங்கும். இது நன்கு காற்றூட்டிய சுத்தமான நீரின் கணக்கு. மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் இதிலும் குறைவாகவே இருக்கும். மறுபுறத்தில், சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குக் கூடுதல் ஒட்சிசன் தேவைப்படுகிறது. வரவு குறைய, செலவு கூடுகிறது. குடும்பக் கணக்கில் அது நடந்தால் என்னவாகும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு தீமையும் உண்டு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. நீர் சூடாகும்போதும், காரத்தன்மை கூடும்போதும் அந்த அமோனியாவில் நஞ்சான பங்கு அதிகரிக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீர், காரத்தன்மையும் உடையது. ஆகவே அங்கே வெப்பம் இரட்டிப்புக் கவனத்துக்குரியது.

எல்லா மீனும் ஒரே மாதிரி அல்ல. தங்க மீன் 18 முதல் 24 பாகை வரையான நீரையே விரும்பும். குப்பிக்கு 22 முதல் 28 பாகை வரை பொருத்தம். ஏஞ்சல் மீன் 30 பாகை வரை தாங்கும். சண்டை மீனும் கௌராமியும் மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்க வல்லவை என்பதால் ஒட்சிசன் குறைவைக் கொஞ்சம் சமாளிக்கும். அழகாக இருக்கிறது என்பதற்காகத் தகரக் கொட்டகையில் தங்க மீனை விடுவது கீரை விதையைக் கொதிமணலில் தூவுவது போன்றது.

விசிறி நீரை எப்படிக் குளிர்விக்கிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது எமக்குத் தெரியும். பானையின் நுண்துளைகளால் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது உள்ளே இருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தொட்டியின் மேல் வீசும் விசிறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நீரின் மேற்பரப்பை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிட்டு, புதிய காற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால் நீர் விரைவாக ஆவியாகிறது. வெப்பமும் அதனுடன் வெளியேறுகிறது.

இதன் வலிமையை ஒரு கணக்கால் அறியலாம். 100 லீற்றர் நீரிலிருந்து ஒரேயொரு லீற்றர் ஆவியானால், மிகுதி நீரை 5 முதல் 6 பாகை வரை குளிர்விக்கப் போதுமான வெப்பம் அதனுடன் போய்விடும். வெளியிலிருந்து வெப்பம் மீண்டும் உள்ளே வந்துகொண்டிருப்பதால் முழு 6 பாகையும் எமக்குக் கிடைக்காது. நடைமுறையில் 2 அல்லது 3 பாகை குறையும். காற்று நன்கு உலர்ந்திருந்தால் 4 பாகையும் குறையலாம். இது சிறு தொகையாகத் தோன்றும். ஆனால் 32 பாகையில் தவிக்கும் குப்பி 29 பாகையில் பிழைத்துக்கொள்ளும்.

ஆயினும் விசிறியின் குளிர்விப்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். வெப்பமானி ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, நிழலில் பிடித்து, அதன்மேல் விசிறுங்கள். சில நிமிடங்களில் அது இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். தொட்டி நீரை விசிறியால் அதற்குக் கீழே இறக்க முடியாது. காற்று 33 பாகையாகவும் ஈரப்பதன் 55 வீதமாகவும் இருக்கும் நாளில் அது ஏறத்தாழ 26 பாகையில் நிற்கும். காற்று 30 பாகையாகவும் ஈரப்பதன் 85 வீதமாகவும் உள்ள புழுக்கமான நாளில் 28 பாகைக்குக் கீழே போகாது. எனவே கிழக்கில் கச்சான் வீசும் நாட்களில் விசிறி மிக நன்றாக வேலை செய்யும். மழைக்கு முந்திய புழுக்கத்தில் குறைவாகவே செய்யும். மாரி காலத்து ஈரக் காற்றில் பெரும் பயன் தராது. அப்போது அதன் தேவையும் இராது. குளிரான மார்கழி, தை மாத இரவுகளில் விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

முதலில் நிழல், பிறகு விசிறி

ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போல, வெயிலில் நிற்கும் தொட்டிக்கு விசிறி போடுவதிற் பயனில்லை. முதலில் வெப்பம் உள்ளே வருவதைத் தடுக்க வேண்டும். தகரத்துக்கு மேலே, இடைவெளி விட்டு, ஒரு படை கிடுகு வேயுங்கள். மேற்குச் சுவரோரமாகத் தொட்டியை வைக்காதீர்கள். பின்னேர வெயில் சுவரைச் சுட்டு, சுவர் தொட்டியைச் சுடும். தொட்டியின் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் ரெஜிபோம் பலகை வைத்தால் சூடு உட்புகுவது குறையும். கண்ணாடியை ஈரச் சாக்கால் போர்த்துவதாயின் அந்தப் பக்கத்தில் ரெஜிபோம் வேண்டாம். இரண்டில் ஒன்றே போதும். தொட்டி விளக்கைப் பகலில் அணைத்துவிடுங்கள்.

அதன் பிறகு விசிறியைப் பொருத்தும் முறை இது:

கண்ணாடி மூடியை அகற்றுங்கள். மூடிய தொட்டியில் நீர் ஆவியாகாது. மீன் துள்ளி விழாதிருக்கவும் பூனை கை வைக்காதிருக்கவும் மூடிக்குப் பதிலாக நுளம்பு வலையை இழுத்துக் கட்டுங்கள்.

விசிறியை நீர்மட்டத்துக்கு மேலே தொட்டியின் ஓரத்தில் சாய்வாகப் பொருத்துங்கள். காற்று நீரின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும்.

யன்னலைத் திறந்து வையுங்கள். பூட்டிய அறையில் ஈரம் தேங்கிவிடும். பிறகு விசிறி சுற்றுமே தவிர நீர் குளிராது.

காற்றுப்பம்பி இருந்தால் அதையும் இயக்குங்கள். விசிறி குளிர்விக்கிறது, பம்பி ஒட்சிசன் சேர்க்கிறது. ஒன்று மற்றையதற்கு ஈடாகாது. மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுவாங்கினால் முதலில் தேவைப்படுவது ஒட்சிசனே. பம்பி இல்லாதவர் கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றலாம்.

ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைக் கைவிட வேண்டும். திடீர்க் குளிர் மீனின் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்து வெண்புள்ளி நோய்க்கு வழி திறக்கும். விசிறியின் சிறப்பே அது மெதுவாகக் குளிர்விப்பதுதான். கடும் வெயில் நாட்களில் தீனியையும் பாதியாகக் குறையுங்கள்.

குறையும் நீரைக் கவனியுங்கள்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 55 லீற்றர் நீர் கொள்ளும். விசிறி சுற்றும் நாட்களில் அதன் நீர்மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இறங்கிய அளவைத் தினமும் நிரப்ப வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே. அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். வன்னீரால் மீண்டும் மீண்டும் நிரப்பினால் அவை செறிவாகிக்கொண்டே போகும். குப்பியும் மோலியும் ஓரளவு வன்னீரை விரும்புபவை. ஏனைய பல இனங்கள் அப்படியல்ல. பீலியில் சேகரித்த மழைநீர் இருந்தால் அதை நிரப்புவதற்குப் பயன்படுத்துங்கள். எப்படியாயினும் வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை அகற்றிப் புதுநீர் விடுவது நல்லது. குழாய் நீராயின், குளோரின் போக ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்து, நுளம்பு முட்டையிடாதபடி வலையால் மூடுங்கள்.

அகற்றும் நீரை வீணாக்க வேண்டாம். மீன் கழிவு கலந்த அந்த நீர் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை. நோய்க்காக உப்போ மருந்தோ போட்ட நீரை மட்டும் பயிருக்கு விடாதீர்கள்.

மின்சாரமும் செலவும்

பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ற்று விசிறி ஒன்று 2 அல்லது 3 உவாற்று மின்சாரமே எடுக்கும். அதை நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் இயக்கினால் மாதத்துக்கு ஒரு யூனிற்றுக்கும் குறைவு. 50 உவாற்று மேசை விசிறியாயின் 15 யூனிற். ஆனால் வரிசையாக வைத்த நான்கைந்து தொட்டிகளுக்கு ஒரு மேசை விசிறி காற்றுக் கொடுக்கும். கடைகளில் காட்டப்படும் குளிரூட்டி இயந்திரமோ சிறியதாயினும் 100 உவாற்றுக்கு மேல் எடுக்கும். தொடர்ந்து 10 மணித்தியாலம் இயங்கினால் மாதம் 30 யூனிற். நீரிலிருந்து எடுக்கும் சூட்டை அது அதே அறைக்குள்ளேயே தள்ளும். கடன் பட்டு அதை வாங்குவது எம்மைப் போன்றோருக்கு ஏற்ற வழியல்ல. குளிர்நாட்டு மீனை வளர்ப்பவருக்கு அது தேவைப்படலாம்; குப்பி வளர்ப்பவருக்குத் தேவையில்லை.

12 வோல்ற்று விசிறியைப் பரிந்துரைப்பதற்குச் செலவு மட்டும் காரணம் அல்ல. நீருக்கு அருகே 230 வோல்ற்று மின்சாரத்தை வைப்பது உயிராபத்து. மேசை விசிறி பயன்படுத்துவோர் அதைத் தொட்டியில் விழமுடியாத தூரத்தில் வைத்துக் கட்ட வேண்டும். வயர் செருகிக்குப் போகுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போது வயர் வழியே வழியும் நீர்த்துளி செருகிக்குள் போகாமல் நிலத்தில் விழும். தொட்டிக்குள் கை வைக்குமுன் ஆளியை அணையுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் மேசை விசிறியைத் தொட்டிக்குப் பயன்படுத்தவே வேண்டாம். பழைய றூட்டரின் 12 வோல்ற்று மின்மாற்றி சிறு விசிறிக்குப் போதும். அந்த மாற்றியையும் ஈரம் படாத உயரத்தில் வையுங்கள்.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டோம். அது கடும் வெயில் காலம். 12 வோல்ற்று விசிறியைச் சிறிய சூரிய மின்தகடு, மின்னேற்றக் கட்டுப்படுத்தி, பற்றரி ஆகியவற்றுடன் இணைத்தால் இந்தக் கவலை குறையும். வெயில் கூடும் நேரத்தில்தான் தொட்டியும் சூடாகிறது, மின்சாரமும் கிடைக்கிறது. மின்சாரமே இல்லாதவர் தொட்டியின் கண்ணாடியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, காற்றோட்டமான நிழலில் வைத்து, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆவியாதல் என்ற அதே முறைதான். அங்கே விசிறியின் வேலையை ஊர்க்காற்று செய்கிறது.

உதவி தருவோருக்கு ஒரு வார்த்தை

1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டு, நெக்டா என அழைக்கப்படும் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான அதிகார சபை அலங்கார மீன் வளர்ப்பையும் தன் பணிகளுள் கொண்டது. தொண்டு நிறுவனங்களும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இத்துறையில் குடும்பங்களுக்கு உதவ முன்வரும்போது நாம் வரவேற்கிறோம். ஆயினும் தொட்டியும் மீனும் கொடுத்து, படம் பிடித்து, கையொப்பம் பெற்றுச் செல்வது அபிவிருத்தி ஆகாது. எமது கோரிக்கைகள் சில:

முதலாவது, ஒவ்வொரு தொட்டியுடனும் ஒரு வெப்பமானி கொடுக்கப்பட வேண்டும். மீன் விடுவதற்கு முன் ஏழு நாட்கள், காலை 6 மணிக்கும் பகல் 2 மணிக்கும் நீரின் வெப்பநிலையைக் குடும்பத்தவர் குறித்து வைக்கட்டும். பகல் 2 மணிக்கு 30 பாகையைத் தாண்டும் வீட்டில் நிழல் அமைத்த பின்னரே மீன் விடப்பட வேண்டும்.

இரண்டாவது, மீன் குஞ்சுகளைப் பங்குனி, சித்திரையில் பகிர வேண்டாம். நிதியாண்டுக் கணக்கை முடிப்பதற்காக மீனை வெயிலில் இறக்குவது எவருக்கும் நன்மை தராது.

மூன்றாவது, கிடுகு, வலை, சிறு விசிறி, மின்மாற்றி ஆகியவற்றின் செலவும் உதவித் தொகையில் சேர்க்கப்பட வேண்டும். தொட்டிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தாலும் குறை இல்லை. குளிர்ந்த மூன்று தொட்டி, கொதிக்கும் நாலு தொட்டியிலும் மேல்.

நாலாவது, கடனாகக் கொடுப்பதாயின் முதல் தவணை, மீன் பெருகி விற்பனைக்கு வரும் காலத்தில் தொடங்கட்டும். நெல்லுக்குக் கடன் கொடுப்பவர் அறுவடைக்கு முன் தவணை கேட்பதில்லை.

இக்கோரிக்கைகளைத் தனியாள் கேட்டால் காது கொடுக்கமாட்டார்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எடுத்து, எழுத்தில் கொடுங்கள். வெப்பநிலை குறித்த கொப்பியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். இலக்கத்தோடு பேசும் விவசாயியை எந்த உத்தியோகத்தரும் இலகுவில் திருப்பி அனுப்ப முடியாது.

வானம் பார்த்து விதைத்தவர்கள் நாம். எந்தக் காற்று எப்போது மாறும், எந்த மண் எவ்வளவு ஈரம் பிடிக்கும் என்பதைப் பரம்பரையாக அறிந்தவர்கள். அந்த அறிவு காணியோடு பறிபோய்விடவில்லை. கண்ணாடித் தொட்டிக்கு முன் நிற்கும்போதும் அதே கண்ணோடு பாருங்கள்: நிழல் எங்கே, காற்று எந்தப் பக்கம், நீர் எவ்வளவு சூடு என்று. இந்த வாரச் சந்தைக்குப் போகும்போது கணினி திருத்தும் கடையில் ஒரு பழைய விசிறி கேட்டுப் பாருங்கள். சித்திரை வெயில் வருமுன் அது உங்கள் தொட்டியின் மேல் சுற்றத் தொடங்கட்டும்.